சீட்டில் ‘செல்லுலைட்டிஸ்’ என்று எழுதியிருந்தால்: சொல்லைப் பிரித்துப் படிக்க ஒரு வழிகாட்டி

பாலக்கோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் மாரண்டஅள்ளிப் பக்கத்து அக்கா ஒருவர் வந்து கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வலது கால் முழங்காலுக்குக் கீழே பளபளவென்று வீங்கி, நாவல்பழச் சாறு பட்ட மாதிரி கருஞ்சிவப்பாக இருந்தது. கூட வந்த மகன் பத்தாவது படிக்கிறவன். ஆஸ்பத்திரிச் சீட்டை எழுத்துக் கூட்டி ‘செல்லுலைட்டிஸ்’ என்று வாசித்தான். “செல்லுன்னா? செல்லரிக்கிற மாதிரி உள்ளே அரிச்சுக்கிட்டுப் போகுதா தம்பி?” என்று அந்த அக்கா என்னைக் கேட்டார். மகன் அம்மாவுக்குக் கேட்காத மாதிரி என் பக்கம் சாய்ந்து, “செல்லுல வர்றதுன்னா கேன்சர்தானே ண்ணா?” என்றான்.

இரண்டு பேரும் பயந்ததில் தப்பே இல்லை. தமிழில் செல் என்றால் கரையான். பள்ளிப் புத்தகத்தில் செல் என்றால் உயிரணு. சீட்டில் இருந்த செல் இரண்டுமே இல்லை. அது என்ன என்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். இந்தச் சொல்லை முதல்முறையாகக் கையில் வாங்கியவர்களுக்கும், நோயாளிக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கும், மருந்துக்கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன்.

முதல் படி: சொல்லை முழுதாக வாங்குங்கள்

சீட்டில் கையெழுத்து புரியாவிட்டால் அங்கேயே, மருத்துவரிடமோ செவிலியரிடமோ, “இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்” என்று கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே எந்த இடம், எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள். ‘செல்லுலைட்டிஸ், வலது கால்’ என்று இருந்தால் போதும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கூட்டம் அதிகம், கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். இருந்தாலும் கேளுங்கள். ‘கால்ல ஏதோ இன்ஃபெக்‌ஷன்னு சொன்னாங்க’ என்று அடுத்த மருத்துவரிடம் போய் நின்றால் அவர் எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: வாலை முதலில் பிரியுங்கள்

மருத்துவச் சொற்களை வாலில் இருந்து படிப்பது சுலபம். இங்கே வால் ‘ஐட்டிஸ்’. இது கிரேக்க விகுதி. பழைய கிரேக்கத்தில் ‘இன்னதைச் சேர்ந்த’ என்பதுதான் இதன் பொருள். நோயைக் குறிக்கும் ‘நோசோஸ்’ என்ற சொல்லோடு சேர்த்து, மூட்டைச் சேர்ந்த நோய், சிறுநீரகத்தைச் சேர்ந்த நோய் என்று சொன்னார்கள். நாளடைவில் ‘நோசோஸ்’ உதிர்ந்துபோய் விகுதி மட்டும் நின்றது. 18ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு மருத்துவர்கள் அதை அழற்சிக்கு என்றே ஒதுக்கிக்கொண்டார்கள்.

அழற்சி என்பது அருமையான தமிழ்ச் சொல். அழல் என்றால் தீ. ஆங்கிலத்தில் இதற்குச் சொல்லும் ‘இன்ஃப்ளமேஷன்’ என்பதும் லத்தீனில் தீ மூட்டுவதைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்ததுதான். உடம்பில் ஓர் இடம் பற்றி எரிவதாக இரண்டு மொழிக்காரர்களும் கண்டிருக்கிறார்கள். ரோமாபுரியில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் செல்சஸ் என்பவர் அழற்சிக்கு நான்கு அடையாளம் எழுதி வைத்தார்: சிவப்பு, சூடு, வீக்கம், வலி. இன்றும் மருத்துவர் முதலில் பார்ப்பது இந்த நான்கைத்தான்.

இதில் ஒன்று நமக்கு முக்கியம். நம் தோல் நிறத்தில் ‘சிவப்பு’ சிவப்பாகவே தெரியாது. மாநிறத் தோலில் கருஞ்சிவப்பாக, கறுத்த தோலில் இன்னும் கறுத்தோ ஊதாவாகவோ தெரியும். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் புறங்கையை முதலில் நல்ல காலிலும், அப்புறம் வீங்கிய காலிலும் வைத்துப் பாருங்கள். சூட்டு வித்தியாசம் கைக்குத் தெரிந்துவிடும்.

வால் புரிந்துவிட்டால் பல சொற்கள் தானாகத் திறந்துகொள்ளும். ஆர்த்ரைட்டிஸ் என்றால் மூட்டு அழற்சி. ஹெபடைட்டிஸ் என்றால் கல்லீரல் அழற்சி. டெர்மடைட்டிஸ் என்றால் தோல் அழற்சி. ஆனால் ‘ஐட்டிஸ்’ கிருமியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. சிமெண்ட் பட்டு, சோப்புத்தூள் பட்டு வரும் டெர்மடைட்டிஸில் கிருமியே இருக்காது. ஒட்டுவாரொட்டி என்று நினைத்துத் தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்துவைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

மூன்றாம் படி: தலைக்குப் போங்கள்

இனி ‘செல்லுல்’. லத்தீனில் ‘செல்லா’ என்றால் அறை, சாமான் வைக்கும் உள்ளறை. தேனடையின் கண்ணறைக்கும் அதே பெயர். அதைச் சிறிதாக்கிச் சொன்னால் ‘செல்லுலா’, சின்னஞ்சிறு அறை. 1665இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் தக்கையைச் சீவி வைத்துப் பார்த்தபோது கட்டம் கட்டமாகத் தெரிந்ததற்கு அறை என்ற பொருளில்தான் ‘செல்’ என்று பெயர் வைத்தார். உயிர்கள் எல்லாம் செல்லால் ஆனவை என்ற கொள்கை 1838, 1839 வாக்கில்தான் ஷ்லைடன், ஷ்வான் என்ற இருவரால் உருவானது.

ஆனால் அதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டிலேயே, உடற்கூறு அறிஞர்கள் வேறொன்றுக்கு ‘செல்லுலார் திசு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது என்ன என்று புரிய நுண்ணோக்கி வேண்டாம். ஊர்ப் பண்டிகையில் கிடா உரிக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? தோலைக் கறியில் இருந்து இழுக்கும்போது நடுவில் வெள்ளையாக, ஈரமாக, நுரை மாதிரி ஒன்று இழுபட்டுக்கொண்டே வரும். காற்றுப் புகுந்தால் சின்னச் சின்னக் குமிழாக உப்பும். கத்தியின் முனை தொட்டாலே பிரிந்துவிடும். உரிக்கிறவர் அதைப் பெரும்பாலும் முஷ்டியால் தள்ளியே பிரித்துவிடுவார். தோலும் கறியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு நகர்வது இந்தப் பஞ்சு அடுக்கால்தான். நம் முழங்கைத் தோலைப் பிடித்து இழுத்தால் அசைந்து கொடுக்கிறதே, அங்கேயும் இதுவேதான்.

இந்த அடுக்கைப் பார்த்தபோது சின்னச் சின்ன அறைகள் நிரம்பியது போலத் தெரிந்ததால் அதற்குச் செல்லுலார் திசு என்று பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதோடு ‘ஐட்டிஸ்’ சேர்ந்து ‘செல்லுலைட்டிஸ்’ ஆனது. ஆக, தோலுக்கு அடியில் இருக்கும் பஞ்சு அடுக்கின் அழற்சி என்பதே அதன் நேர்ப்பொருள். இன்று மருத்துவர்கள் இந்தச் சொல்லை, தோலின் ஆழமான அடுக்கிலும் அதற்குக் கீழே இருக்கும் கொழுப்பு அடுக்கிலும் பாக்டீரியா புகுந்து பரவும் தொற்றுக்குப் பயன்படுத்துகிறார்கள். ‘உயிரணு அழற்சி’ என்று யாராவது தமிழாக்கியிருந்தால் அது பொருளைத் தவறவிட்ட பெயர். ‘தோலடித் திசு அழற்சி’ என்பதே சரி. கேன்சருக்கும் இந்தச் சொல்லுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அந்தப் பையனுக்குக் கிடா உதாரணம்தான் சொன்னேன். அவன் முகம் தெளிந்ததை விட, அந்த அக்கா சட்டென்று, “அந்தப் பஞ்சுல புகுந்தா சீக்கிரம் பரவிடுமே” என்று சொன்னதுதான் எனக்கு நினைவில் இருக்கிறது. சரியாகப் பிடித்துவிட்டார். கட்டி என்றால் ஓரிடத்தில் சுவர் கட்டிக்கொண்டு சீழ் நிற்கும். இந்த அடுக்கில் சுவர் கிடையாது. நெல்வயலில் மடை திறந்த தண்ணீர் மாதிரி பக்கவாட்டில் ஓடும். அதனால்தான் செல்லுலைட்டிஸுக்கு ஓரம் தெளிவாக இருக்காது, எங்கே முடிகிறது என்று விரலை வைத்துக் காட்ட முடியாது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாததும் அதனால்தான்.

நான்காம் படி: சொல் சொல்லாததைக் கேட்டு வாங்குங்கள்

எங்கே, என்ன என்ற இரண்டைச் சொல் சொல்லிவிட்டது. எந்தக் கிருமி, எந்த வழியாகப் புகுந்தது, உடம்பில் எதிர்த்து நிற்கும் வலு எப்படி என்ற மூன்றையும் அது சொல்லாது.

கிருமி பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டஃபிலோகாக்கஸ். இவற்றையும் பிரித்துப் பார்க்கலாம். ‘காக்கஸ்’ கிரேக்கத்தில் தானிய மணி. ‘ஸ்ட்ரெப்டோ’ முறுக்கிய சங்கிலி. ‘ஸ்டஃபிலே’ திராட்சைக் கொத்து. நுண்ணோக்கியில் ஒன்று கேழ்வரகு மணிகளை நூலில் கோத்தது போலவும், மற்றொன்று கொத்தாகவும் தெரியும். முதலாவதுக்கு 1874இல் பில்ராத் என்ற அறுவை மருத்துவர் பெயர் வைத்தார். இரண்டாவதுக்கு 1882இல் ஆக்ஸ்டன் என்ற இன்னொரு அறுவை மருத்துவர் வைத்தார். செல்லுலைட்டிஸில் பெரும்பாலும் கோத்த மணிதான் காரணம். சீழும் இருந்தால் கொத்தின் மேல் சந்தேகம் அதிகம். எந்த ஆன்டிபயாடிக் எழுதுவது என்பதை மருத்துவர் இதை வைத்தும்தான் முடிவு செய்கிறார். அதனால் எங்களைப் போன்ற கடைக்காரர்களிடம் வந்து, ‘வீக்கத்துக்கு நாலு மாத்திரை கொடுங்க’ என்று கேட்காதீர்கள். கொடுத்தாலும் வாங்காதீர்கள். பென்சிலின் வகை மருந்து முன்பு எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

புகுந்த வழியை நீங்கள்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். வேலிகாத்தான் முள், ஓசூர்ப் பக்கத்து ரோஜாத் தோட்டத்து முள், தக்காளிக்கு நட்ட குச்சி கீறியது, செருப்புக் கடி, சொறிந்த நகக்கீறல், எதுவாகவும் இருக்கலாம். பலரும் பார்க்காமல் விடும் இடம் ஒன்று உண்டு: கால் விரல் இடுக்கு. அந்த அக்காவின் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தோல் ஊறிய அவல் மாதிரி வெள்ளையாக வெடித்திருந்தது. சேற்றுப்புண். மழைக்காலத்தில் வயலில் நிற்பவர்களுக்கு அது ஒரு நோயாகவே தோன்றாது. கிருமி உள்ளே போன கதவு அதுதான்.

அப்புறம் சர்க்கரை. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குச் செல்லுலைட்டிஸ் வேகமாக முற்றும், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் ஏறியதே தெரியாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அதில் வீட்டுக்கு வருபவரிடம் மாத்திரையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாமல் பாதத்தையும் ஒரு தடவை காட்டுங்கள்.

இன்னொன்று. இருட்டில் தோட்டத்துக்குப் போய் வந்தபின் என்ன கடித்தது என்று தெரியாமல் கால் வீங்கினால் அதைச் செல்லுலைட்டிஸ் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். பாம்புக்கடி வீக்கமும் இதே மாதிரி தோன்றும். நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஐந்தாம் படி: ஒத்த பெயர்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

எரிசிபிலாஸ் என்று எழுதியிருந்தால் அது செல்லுலைட்டிஸின் தங்கை. கிரேக்கத்தில் சிவப்பு, தோல் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. நம் ‘எரி’ அதில் இருப்பது போலக் கேட்பது தற்செயல்தான். இது தோலின் மேலடுக்கில் வரும். ஓரம் மேடாக, வரைந்த மாதிரித் தெளிவாக இருக்கும். இம்பெடிகோ லத்தீனில் ‘பாய்ந்து தாக்குவது’. குழந்தைகளின் மூக்கு, வாயைச் சுற்றித் தேன் காய்ந்த மாதிரி பொருக்கு கட்டும், நன்றாகவே ஒட்டும். கார்பங்கிள் என்றால் சின்னக் கரித்துண்டு, நெருப்புக் கங்கு. ராஜபிளவையின் எரிச்சலை அனுபவித்தவர்கள் அந்தப் பெயரை மறுக்க மாட்டார்கள். டினியா என்று இருந்தால் படர்தாமரை. அது பூஞ்சை. கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் நமைச்சல் உடனே அடங்கும், பூஞ்சை மட்டும் உள்ளுக்குள் பரவிக்கொண்டே இருக்கும்.

அக்கியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அக்கி என்பது அக்னியின் மறுவடிவம், அதுவும் தீதான். ஆஸ்பத்திரியில் ஹெர்பிஸ் சோஸ்டர் என்று எழுதுவார்கள். கிரேக்கத்தில் ‘ஹெர்பீன்’ என்றால் ஊர்தல், ‘சோஸ்டர்’ என்றால் இடுப்புக் கச்சை. ஊர்ந்து சுற்றும் கச்சை. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் கன்னடம் பேசுகிறவர்கள் இதைச் சர்ப்ப சுத்து என்பார்கள். தெலுங்கில் சர்ப்பி. கிரேக்க ஹெர்பீனும் வடமொழிச் சர்ப்பமும் ஒரே பழைய வேரில் இருந்து கிளைத்தவை. எங்கோ கிரேக்கத்தில் வைத்த பெயரும் நம் தளியில் வழங்கும் பெயரும் ஒரே படத்தை வரைந்திருக்கின்றன. இதை முதலில் புரிந்துகொண்ட நாளில் கடையில் வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

அக்கிக்குக் குயவர் வீட்டில் காவியால் எழுதிக்கொள்ளும் வழக்கம் இங்கே உண்டு. அந்த நம்பிக்கையில் நான் குறுக்கிடுவதில்லை. ஆனால் அக்கி வைரஸால் வருவது, அதற்கான மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். காலில் வந்த செல்லுலைட்டிஸை அக்கி என்று நினைத்து எழுதிக்கொண்டு மூன்று நாள் காத்திருந்தால் அந்த மூன்று நாளும் கிருமிக்குக் கொடுத்த நாள்.

ஆறாம் படி: வீட்டுக்கு வந்ததும்

ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்து, நிறம் மாறிய இடத்தின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். பக்கத்திலேயே தேதியும் மணியும் எழுதுங்கள். ஓரம் தெளிவாக இல்லாவிட்டால் சூடு முடியும் இடத்தை வைத்துப் போடுங்கள். மருந்து தொடங்கிய முதல் ஒன்றிரண்டு நாளில் சிவப்பு கோட்டைக் கொஞ்சம் தாண்டுவது உண்டு. காய்ச்சலும் வலியும் குறைந்துகொண்டு வந்தால் பதற வேண்டாம். இரண்டு நாளுக்குப் பிறகும் தாண்டிக்கொண்டே போனால் திரும்பப் போய் அந்தக் கோட்டைக் காட்டுங்கள். ‘கூடியிருக்குங்க’ என்று வாயால் சொல்வதை விட அந்தக் கோடு மருத்துவருக்கு அதிகம் பேசும்.

காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் நீட்டினால் பற்றாது. படுத்துக்கொண்டு இரண்டு தலையணை கொடுங்கள். பஞ்சு அடுக்கில் ஊறிய நீர் வடிய இதைவிட நல்ல வழி கிடையாது. எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போட வேண்டாம், வெந்த தோல் இன்னும் வெந்துபோகும். மாத்திரையை எழுதிய நாள் முழுக்கச் சாப்பிடுங்கள். அந்த அக்கா மூன்றாம் நாள் வீக்கம் வற்றியதும் நிறுத்தப் பார்த்தார். மகன்தான் விடவில்லை.

சேற்றுப்புண்ணுக்குத் தனி மருந்து கேளுங்கள். இந்த நோய் திரும்பத் திரும்ப வருகிற சுபாவம் உள்ளது. கதவு திறந்தே கிடந்தால் அடுத்த மழைக்கும் வரும். வயலில் இருந்து வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கைப் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொன்றாக ஒற்றித் துடையுங்கள்.

ஏழாம் படி: எப்போது வண்டி ஏற வேண்டும்

இங்கே சொல் பிரிப்பது உயிரைக் காக்கும். நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ் என்று யாராவது சொன்னால் வாலைப் பாருங்கள், ‘ஐட்டிஸ்’. தலையில் ‘ஃபேசியா’, லத்தீனில் பட்டைத் துணி. தசையைச் சுற்றியிருக்கும் உறை அது. முன்னால் ‘நெக்ரோஸ்’, கிரேக்கத்தில் பிணம். தசை உறை அழிந்து செத்துக்கொண்டு போகிறது என்று பொருள். வெளியே தெரிவதை விட வலி பல மடங்கு இருப்பது, தோல் கறுப்பது, கொப்புளம், தொட்டால் மரத்திருப்பது, தோலுக்கடியில் நறநறவென்று காற்று நெரிவது, காய்ச்சலோடு பேச்சுக் குழறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108. மணி நேரக் கணக்கில் பரவும், அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும். கண்ணைச் சுற்றி வீங்கி, கண் பிதுங்கினாலோ, அசைத்தால் வலித்தாலோ, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ அதற்கும் 108தான்.

இன்னொரு சொல்லை நீங்களே பிரித்துப் பாருங்கள்: லிம்ஃபாஞ்சைட்டிஸ். ‘லிம்ஃபா’ லத்தீனில் தெளிந்த நீர். ‘ஆஞ்ஜியோன்’ கிரேக்கத்தில் குழாய், பாத்திரம். வால் தெரிந்ததே. நிணநீர்க் குழாயின் அழற்சி. காலில் புண் இருக்கும்போது தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்று நம் பாட்டிமார் தடவிப் பார்த்துச் சொல்வார்களே, அந்த நெறிக்குப் போகிற பாதைதான் இந்தக் குழாய். கணுக்காலில் இருந்தோ கெண்டைக்காலில் இருந்தோ தொடையை நோக்கி விரல் அகலத்தில் ஒரு சிவந்த கோடு ஏறினால், அது அந்தப் பாதையில் கிருமி நடக்கும் தடம். தோல் கறுப்பாக இருந்தால் வெளிச்சத்தில் நிறுத்தித் தேடுங்கள், விரலால் தடவினால் அந்தத் தடம் மட்டும் சுடும். அன்றைக்கே போங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.